விரதத்தில் விழுங்கிய காளான்

"மாமி, காளானுக்கு இரத்தமும் இல்லை, கண்ணும் இல்லை. அது அம்மாவைத் தேடி அழவும் மாட்டாது. பிறகேன் அதை விரதத்திலை சாப்பிடக் கூடாது?"

சிவானந்தனின் மகள் மேனகா ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் கொட்டாஞ்சேனையில் றஞ்சிதத்தின் குசினி. றஞ்சிதம் தோசைத் தட்டகப்பையைப் பிடித்தபடி சிரித்தாள். "அது மீன் இறைச்சி மாதிரி, மணத்திலையும் மச்சம், ருசியிலையும் மச்சம், பிள்ளை. என்ரை அம்மா விரத நாளிலை காளானைப் படியேற விடமாட்டா. நானும் விடமாட்டன்."

மேனகா இப்போது மெல்பேர்னில் தன் பிள்ளையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்துக்கொண்டிருக்கிறாள். கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் காலையில், வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலிருந்த தன் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சிவானந்தனுக்கு அந்தப் பழைய கேள்வி நினைவிலேயே இல்லை. வெளியே ஐப்பசி மழை. திருநீறு பூசிய நெற்றியும் காலி வயிறுமாக அவர் சன்னலைச் சாத்த எழுந்தபோது, நனைந்த குடையோடு மயூரி உள்ளே வந்தாள்.

வந்தவள் இருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். பச்சை லேபல். விசிறி விரித்தது போன்ற ஒரு காளானின் படம். கீழே "ரெய்ஷி" என்ற எழுத்து.

"அங்கிள், இது உங்கடை ஆளின்ரை சாமான்தானே?"

"ஓம். கொட்டாஞ்சேனை றஞ்சிதம் செய்யிறது. ஏன் பிள்ளை?"

"அம்மா களுபோவில ஆஸ்பத்திரியிலை. நேற்றுச் சாமியறையிலையே சரிஞ்சு விழுந்திட்டா. பிறெசர் ஏறுதே இல்லை. சேலைன் ஏத்த ஏத்த இறங்குது."

சிவானந்தன் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். மயூரியின் தாய் நாகேஸ்வரியை அவருக்குக் கோயிலில் பழக்கம். முழங்கால் வலியால் பிரகாரம் சுற்ற முடியாமல் தூணோடு சாய்ந்து நின்ற அந்த மனுசியிடம், "எனக்குத் தெரிஞ்ச ஆள் செய்யிறா, நம்பி எடுங்கோ" என்று சொன்னவர் அவர்தான்.

மயூரியும் அதைத்தான் சொன்னாள். "நீங்கள் சொன்னபடியாலைதான் அம்மா எடுத்தவ."

மூலைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த றேமண்ட் பேப்பரை மடித்தான். கொட்டாஞ்சேனைக்காரன். பெயருக்கு ஓட்டோச் சாரதி, வேலைக்குச் சிவானந்தனின் உதவியாள், வாய்க்கு ஓய்வில்லாதவன். அவன் எழுந்து வந்து போத்தலைத் திறந்து, ஒரு கப்சூலைப் பிரித்து, தூளில் விரல் நுனியை ஒற்றி நாக்கில் வைத்தான். முகம் கோணிப் போயிற்று.

"மாதாவே! என் மாமியார் வாயே இதை விட இனிப்பு!"

"அப்ப அசல்தான்," என்றார் சிவானந்தன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. "ரெய்ஷி எண்டால் கசக்க வேணும். கறி வைக்கிற காளான் இல்லை இது. பட்ட மரத்திலை முளைக்கிறது, மரம் மாதிரியே இறுக்கம். சீனாக்காரரும் ஜப்பான்காரரும் நறுக்கிப்போட்டு, மெல்லிய நெருப்பிலை கனநேரம் அவிச்சுக் கஷாயமாக் குடிக்கிறவை. களைப்புக்கு, நித்திரைக்கு, நோய் எதிர்ப்புக்கு எண்டு. ஆனால் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். ஆஸ்பத்திரி மருந்துக்குப் பதிலா எடுக்கவும் கூடாது. இரத்தம் உறையாமல் மருந்துக் குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் தொடவே கூடாது. இதெல்லாம் றஞ்சிதம் எனக்குச் சொல்லித் தந்தது."

"மெல்ல மெல்லவோ?" மயூரி நிமிர்ந்தாள். "அம்மாவுக்கு ரெண்டு கிழமையிலை முழங்கால் வலி பறந்திட்டுது, அங்கிள். பசி எண்டால் அப்பிடிப் பசி. முகம் உருண்டையா வந்திட்டுது. சனமெல்லாம் வடிவா வந்திட்டியள் எண்டு சொல்லிச்சினம்."

"நல்லாத்தானே இருந்திருக்கா," என்றான் றேமண்ட்.

"விரதம் துவங்குமட்டும் நல்லா இருந்தவ. விரதத்துக்குக் காளான் எடுக்கலாமோ எண்டு றஞ்சிதம் அன்ரிக்குப் போன் பண்ணிக் கேட்டவ. வேண்டாம், காளான் மச்சக் கணக்கு, சூரன்போர் முடிஞ்சபிறகு எடுங்கோ எண்டு அன்ரி சொல்லியிருக்கிறா. அம்மா நிப்பாட்டிட்டா. அதுக்குப் பிறகுதான் தண்ணி குடிச்சாலும் சத்தி எடுத்தவ, தலைச்சுத்து வேறை. விரதக் களைப்பு எண்டு நாங்களும் பேசாமல் இருந்திட்டம். ஆனால் நான் பிறக்க முந்தியே அவ பிடிக்கிற விரதம், அங்கிள். ஒரு நாளும் விழுந்ததில்லை."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"காளான் ஆளை இப்பிடி விழுத்தாதாம். என்ன எடுத்தவ எண்டு சரியாத் தெரிஞ்சால் சரியான ஊசியைப் போடலாமாம். கப்சூலைச் சோதிச்சு முடிவு வர நாள் எடுக்குமாம்." மயூரி போத்தலை அவர் பக்கம் தள்ளினாள். "அம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்கோ எண்டு தெரியேல்லை."

சிவானந்தன் குடையை எடுத்தார். "றேமண்ட், ஓட்டோவை எடு."

காலி வீதி முழுக்கத் தண்ணீர். றேமண்ட் பஸ்களுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓட்டினான்.

"அண்ணே, அந்தக்கா மேல சந்தேகமா?"

"றஞ்சிதத்திலையோ?" சிவானந்தனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அவவுக்குக் காளான் குடுக்கிறவன் எதையோ கலந்திருக்கிறான். அவன் பேரை வாங்கத்தான் போறம்."

"சரி அண்ணே. நான் சும்மா கேட்டேன். ஓட்டோ மீட்டரையே நம்பாத ஆளு நீங்க, ஒருத்தரை இவ்வளவு நம்புறீங்களேன்னு ஆச்சரியமா இருக்கு."

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் றஞ்சிதத்தின் வீடு. கதவைத் திறந்தவளின் நெற்றியிலும் திருநீறு. விரதத்தால் முகம் வாடியிருந்தது. உள் அறையில் அவளுடைய கணவர் நாகேந்திரம், பாரிசவாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போனவர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வாங்கோ சிவா அண்ணை. நனைஞ்சிட்டியள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன். எனக்குத்தான் வெறும் தண்ணியோடை விரதம், உங்களுக்கில்லைத்தானே?"

"எனக்கு ஒருநேரச் சாப்பாடு, றஞ்சிதம். இப்ப ஒண்டும் வேண்டாம்."

"எனக்கு வேணும் அக்கா," என்றான் றேமண்ட். "நான் தவக்காலத்து ஆளு, ஐப்பசியில ஃப்ரீ."

கண்ணாடி அலுமாரிக்குள் தட்டளவு பெரிய ஒரு ரெய்ஷிக் காளான் இருந்தது. செம்பழுப்பு நிறம், மெருகு பூசிய மரம் போல மினுக்கம். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. சிவானந்தன் அதைப் பார்த்துக்கொண்டே நாகேஸ்வரியின் நிலையைச் சொன்னார். றஞ்சிதம் கையிலிருந்த கோப்பையை றேமண்டிடம் நீட்டிவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

"ஐயோ, முருகா! விரதம் தாங்கியிருக்காது அண்ணை. வயசும் போட்டுது."

"காளான் ஆர் தாறது?"

"அது... தம்புள்ளைப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன்."

"நம்பர் இருக்கோ?"

"பழைய போனோடை போட்டுது."

"காளான் மழைக்கு முளைக்கும்," என்றான் றேமண்ட் தேத்தண்ணியை ஊதியபடி. "உங்க ஆளு மழைக்குக் கரைஞ்சிட்டானா அக்கா?"

"றேமண்ட்!" என்று அதட்டினார் சிவானந்தன்.

"இல்ல அண்ணே, பேலியகொடையில மீன்காரன்கூடச் செவுளைத் திறந்து காட்டித்தான் விப்பான். அக்கா சாமான் சுத்தம்னா, ஒண்ணு போட்டுக் காட்டட்டுமே. பிரச்சினை முடிஞ்சுது."

றஞ்சிதத்தின் முகம் சிவந்தது. மேசையிலிருந்த போத்தலைத் திறந்து இரண்டு கப்சூலை உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "போதுமோ தம்பி? நான் நாள் தவறாமல் போடுறன். இண்டைக்குக் காலமையும் போட்டனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லையே!"

சிவானந்தனுக்குக் கண் கலங்கியது. ஒரு நல்ல மனுசியைத் தன் உதவியாள் நிற்கவைத்துப் பரீட்சை பார்த்துவிட்டான். "குறை நினையாதையுங்கோ, றஞ்சிதம்," என்று கைகூப்பி விட்டு இறங்கினார்.

கீழே, மழை விட்டிருந்தது. றேமண்ட் சந்திக் கடையில் இரண்டு மாலுபாண் வாங்கி வந்து ஒன்றை நீட்டினான்.

"சஷ்டியடா. மீன் பாண் தாறாய்!"

"அட, மன்னிச்சுக்கங்க அண்ணே. பழக்க தோசம்." அவன் இரண்டையும் தானே எடுத்துக்கொண்டான். "எங்கம்மாவும் இப்படித்தான். தவக்கால வெள்ளிக்கிழமை இறைச்சி வெந்த சட்டியக்கூடத் தொடமாட்டா. ஒருநாள் தெரியாமத் தொட்டுட்டு, பாவம், மூணு தடவ கை கழுவினா. நோன்பு மனசுல இல்ல அண்ணே, கையிலதான் இருக்கு. கை தானாப் பின்னுக்குப் போகும்."

சிவானந்தன் ஓட்டோவில் ஏற வைத்த காலைத் திரும்ப எடுத்தார்.

"என்ன சொன்னனீ?"

"கை தானாப் பின்னுக்குப் போகும்னு..."

"றஞ்சிதத்தின்ரை கை போகேல்லை."

றேமண்டின் வாய் பாணோடு நின்றது.

"நாகேஸ்வரி அம்மாவுக்கு என்ன சொன்னவ? காளான் மச்சக் கணக்கு, விரதத்திலை வேண்டாம். என்ரை மேனகாவுக்கும் அந்தக் காலத்திலை அதைத்தான் சொன்னவ. படியேற விடமாட்டன் எண்டு. அப்பிடிப்பட்ட மனுசி, தண்ணியோடை சஷ்டி பிடிக்கிறவ, எங்கடை கண் முன்னாலை இரண்டை வாயிலை போட்டவ. காலமையும் போட்டவவாம்."

"அப்ப... அதுக்குள்ள காளானே இல்ல."

"இல்லை எண்டது அவவுக்குத் தெரியும்."

துப்பு அகப்பட்டால் சிவானந்தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது அவருடைய கொண்டாட்டம். இன்று அவர் கண்ணாடியைத் தொடவில்லை. படியிறங்கும்போது இருக்கும் என்று நம்பிக் கால் வைத்த கடைசிப் படி இல்லாமல் போனால் உடம்பு ஒரு கணம் குலுங்குமே, அப்படி நின்றார். பிறகு மாடிப்படி ஏறினார். றேமண்டும் பின்னால் வந்தான்.

றஞ்சிதம் கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்ததுமே பின்னுக்கு நகர்ந்தாள்.

"காளான் மச்சம் எண்டால், நீங்கள் ஏன் விழுங்கினனீங்கள்?"

அவள் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். "மருந்துக்கு விரதமில்லை, அண்ணை."

"அப்ப நாகேஸ்வரிக்கு மட்டும் ஏன் இருந்தது?"

உள்ளே நாகேந்திரம் ஒருமுறை முனகினார். றஞ்சிதம் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"நான் கெடுதல் நினைக்கேல்லை. முந்தி அசல் காளான்தான் வந்தது. டொலர் பிரச்சினையோடை வரவு நிண்டிட்டுது. கொஞ்ச நாள் சும்மா மாவைத்தான் அடைச்சனான். ஒரு சுகமும் இல்லை எண்டு சனம் திருப்பிக் கொண்டுவந்தது. வலியோடை வாற சனம், அண்ணை. அதுகளின்ரை முகத்தைப் பார்க்க ஏலாது. பிறகு ஒரு குளிசையை இடிச்சுக் கலந்தன். எல்லாரும் சிரிச்சுக்கொண்டு வந்திச்சினம். உங்களுக்கு எத்தனை பேர் நன்றி சொன்னவை, மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. அந்த நன்றிகளை அவர் கோயில் வாசலில் பெருமையோடு வாங்கியிருந்தார். அவருடைய பெயரை லேபல் போல ஒட்டி அவள் விற்றிருக்கிறாள்.

"என்ன குளிசை?"

"சொன்னால் பொலிஸ் வரும்."

"என்ன குளிசை, றஞ்சிதம்?"

"நான் உள்ளுக்குப் போனால் இவரை ஆர் பார்க்கிறது?" அவள் குரல் உயர்ந்தது. "சிவா அண்ணை, உங்கடை மனுசி படுக்கையிலை கிடக்கேக்கை ஆர் வந்தது? பத்மாவை ஆர் குளிப்பாட்டினது? பீத்துணி ஆர் தோய்ச்சது? ஆர் தலை இழுத்துப் பொட்டு வைச்சது? மேனகாவுக்கு ஆர் சோறு தீத்தினது? அதை நான் ஒரு நாளாவது ஆருக்கும் சொல்லிக் காட்டினனானோ?"

"இல்லை," என்றார் சிவானந்தன். "இண்டைக்குத்தான் சொல்லுறியள்."

றேமண்ட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்மா கண் மூடும் மட்டும் அந்தக் கைகளைப் புகழ்ந்தாள். அந்தக் கைகளை நம்பித்தான் அவர் இன்னொரு நோயாளியை அனுப்பினார். இப்போது அதே உபகாரத்தை அவள் ஒரு விலையாக எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். பொய்க் காளானை விட அதுதான் அவருக்குக் கசந்தது.

ஆனாலும் அவர் குரலை உயர்த்தவில்லை. மண்கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்து அவள் கையில் கொடுத்தார். அவளும் விரதக்காரிதானே.

"அங்கை அந்த மனுசி கண் முழிக்கிற நேரமெல்லாம் மகளிட்டை என்ன கேக்கும் தெரியுமோ? விரதம் முடியக் காளானைத் தா எண்டுதான் கேக்கும். நீங்கள் சொன்ன சொல்லை வேதவாக்கா வைச்சுக்கொண்டு கிடக்குது. அந்தச் சொல்லை நம்பித்தான் அது சாகப் போகுது. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை. குளிசையின்ரை பேர் மட்டும்."

தண்ணீரைக் குடித்து முடிக்காமலே றஞ்சிதம் எழுந்தாள். குசினியில் மாவு வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பிளாஸ்ரிக் டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "பிறெட்னிசொலோன். இவருக்கு ஒருக்கால் மூச்சு இழுப்புக்குத் தந்தவை. இரண்டு நாளிலை ஆளை எழுப்பி இருத்தினது. அதைப் பார்த்துத்தான்... இதுவும் கசக்கும். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது எண்டு நினைச்சன்."

சிவானந்தன் உடனே மயூரிக்குப் போன் எடுத்தார். அவள் போனை டொக்டரிடம் கொடுத்தாள். எவ்வளவு காலம், ஒரு கப்சூலில் எத்தனை என்று டொக்டர் கேட்கக் கேட்க, றஞ்சிதம் தரையைப் பார்த்துச் சொன்னாள், இவர் திருப்பிச் சொன்னார்.

"அப்ப அதுதான், ஸ்ரெறொயிட்," என்றது மறுமுனைக் குரல். "இந்த மருந்தை நெடுக வெளியிலையிருந்து குடுத்தால், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானாச் சுரக்கிறதை விட்டிடும். திடீரெண்டு நிப்பாட்டினால் ஆள் சரிஞ்சிடும். அவ எடுத்ததாலை இப்ப விழேல்லை. நிப்பாட்டினதாலை விழுந்தவ. நான் ஊசி போடுறன். அங்கை எடுக்கிற மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ, ஒருத்தரும் தாங்களா நிப்பாட்டக் கூடாது, உடனே டொக்டரிட்டைப் போக வேணும்."

றஞ்சிதம் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரதத்தை மதித்து வேண்டாம் என்று அவள் சொன்ன ஒரே உண்மை போன்ற சொல்தான் நாகேஸ்வரியை விழுத்தியிருந்தது. பிறகு தன் போனை எடுத்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். "நான் றஞ்சிதம் கதைக்கிறன். அதுக்குள்ளை காளான் இல்லை..." என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் குரல் சின்னதாகிக்கொண்டு போயிற்று. மறுமுனையில் சிலர் ஏசினார்கள். ஒரு கிழவி மட்டும், "நீ சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டது வெளியே கேட்டது. அதற்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் தாண்டியபோது மயூரியின் அழைப்பு வந்தது. "பிறெசர் ஏறுது அங்கிள்! அம்மா தண்ணி கேட்டவ."

சிவானந்தன் கண்ணை மூடி, முருகா என்று ஒரு சொல் சொன்னார். பிறகு மயூரி பேசிய குரல் வேறாக இருந்தது. "அங்கிள், நான் பொலிசிலை சொல்லத்தான் போறன். என்னைத் தடுக்காதையுங்கோ."

"தடுக்க மாட்டன், பிள்ளை."

றஞ்சிதம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முகம் கழுவி, சேலை மாற்றி வந்தாள். "அவ சொல்ல முதல் நானே போறன். தம்பி, ஓட்டோவிலை விடுறியோ? வத்தளையிலையிருந்து என்ரை பெறாமகள், அக்காவின்ரை பிள்ளை, பின்னேரம் வருவாள். அவள் வருமட்டும் இவர் நித்திரையாத்தான் கிடப்பார். கதவைச் சும்மா சாத்திவிட்டால் போதும்."

சிவானந்தனிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மூவரும் படியிறங்கினார்கள். ஓட்டோவில் ஏறும்போது அவளுடைய கை கம்பியைத் தேடித் தடுமாறியது. றேமண்ட் பிடித்து ஏற்றினான்.

"நீங்க வரல்லையா அண்ணே?"

"நான் பஸ்ஸிலை களுபோவில போறன். நாகேஸ்வரியைப் பார்க்க வேணும்."

"இவ்வளவு காலத்துல முதல் தடவையா என் ஓட்டோவுக்கு ஓய்வு குடுக்கிறீங்க." பகிடிதான். ஆனால் மெல்லச் சொன்னான்.

ஓட்டோ சந்தி திரும்பி மறைந்தது. சிவானந்தன் பஸ் தரிப்பிடம் வரை நடந்தார். பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் ஏறவில்லை. திரும்பி, வந்த வழியே நடந்து இரண்டாம் மாடிக்கு ஏறினார்.

நாகேந்திரம் நித்திரைதான். அறைக்குள் காலடி வைத்ததுமே மணம் சொல்லிவிட்டது, அவர் படுக்கையை நனைத்திருந்தார். காலையிலிருந்து நடந்த அமளியில் றஞ்சிதம் கவனிக்கவில்லை.

சிவானந்தன் சேட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கேத்திலில் தண்ணீர் சுடவைத்து, பச்சைத் தண்ணீரோடு கலந்து, முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். ஈரத் துணியை உருவி எடுத்தார். நோயாளியை மெதுவாக ஒருபக்கம் சரித்து முதுகையும் தொடையையும் துடைத்தார். படுக்கைப் புண் வரப் பார்த்த இடத்தில் கை தானாகவே மெல்லிசாகியது. நாகேந்திரம் கண் திறக்கவில்லை. கனவில் யாரிடமோ சொல்வது போல உதடு அசைந்தது.

அவருக்குள் மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை. கைகள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

அலுமாரியில் தோய்த்து மடித்த விரிப்பு இருந்தது. அதை விரித்து, இடுப்பில் புதுச் சாரம் கட்டிவிட்டார். சீப்பைத் தேடியெடுத்து, வெள்ளைத் தலைமயிரை நனைத்து வாரிவிட்டார். அழுக்குத் துணிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுக் கும்மி, மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, பின்பக்கக் கொடியில் காயப்போட்டார். மழை மறுபடி தூறத் தொடங்கியதும், கொடியைக் கூரைக்கு உள்ளே தள்ளிக் கட்டினார்.

தரையில் சொட்டியிருந்த ஈரத்தையும் துடைத்து, வாளியை முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தார். பெறாமகள் வந்து பார்க்கும்போது, றஞ்சிதம்தான் போகமுன் எல்லாம் செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அப்படியே இருக்கட்டும்.

சேட்டைப் போட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சிவானந்தன் களுபோவில பஸ்ஸைப் பிடிக்க இறங்கினார்.